வெளிநாட்டு நிதியில் நடந்த திட்டத்தை முதல்முறை மதிப்பீடு செய்யப் போகிறவர்களுக்கு: காகிதம், காசு, காலம்

சில வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்து கூப்பிட்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோரக் கிராமங்களில் மூன்றாண்டு வாழ்வாதாரத் திட்டம் ஒன்று முடியப் போகிறது, ஐரோப்பாவில் இருந்து நிதி கொடுத்தவர்கள் வெளியாள் மதிப்பீடு கேட்கிறார்கள், செய்து தர முடியுமா என்றார்கள். சரி என்றேன். மூன்று மாதத்தில் முடிய வேண்டிய வேலை ஒன்பது மாதம் இழுத்தது. அந்த ஒன்பது மாதத்தில் நான் கிராமத்தில் இருந்தது பதினைந்து நாள்தான். மற்றதெல்லாம் கிடைக்காத கோப்பு, வராத அனுமதி, ஒப்பந்தத்தில் நான் கவனிக்காத ஒரு வரி என்றே போனது.

புள்ளியியலும் கேள்வித்தாளும் படித்துக்கொள்ள நிறைய இடம் இருக்கிறது. இந்த நிர்வாக வழியை யாரும் சொல்லித் தருவதில்லை. சமூகப்பணியோ பொருளாதாரமோ படித்துவிட்டு முதல் மதிப்பீட்டுக்கு ஒப்புக்கொள்ளப் போகும் தம்பி தங்கைகளுக்காகவும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு முதல்முறை கூட்டு ஆய்வில் இறங்கும் சிறு அமைப்புகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

1. டிஓஆரை எண்ணிப் படியுங்கள்

உங்களுக்கு முதலில் வருவது டிஓஆர், அதாவது என்ன வேலை, எத்தனை நாள், என்ன ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லும் ஆவணம். அதில் எத்தனை கேள்விகள் இருக்கின்றன, அவற்றுக்கு எத்தனை வேலை நாட்கள் கொடுத்திருக்கிறார்கள் என்று பென்சிலால் எண்ணுங்கள். எனக்கு வந்ததில் 31 கேள்விகள், 25 நாட்கள்.

இப்படி ஆவதற்குக் காரணம் உண்டு. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் வளர்ச்சி உதவிக் குழு வகுத்த ஆறு அளவுகோல்களைத்தான் பெரும்பாலான நிதி நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. பொருத்தம், ஒத்திசைவு, இலக்கை எட்டிய அளவு, வளங்களைப் பயன்படுத்திய திறன், தாக்கம், நீடித்து நிற்றல் என்பவை அவை. ஒத்திசைவு 2019இல்தான் சேர்ந்தது. பழைய மாதிரியை நகல் எடுத்தவர்களின் டிஓஆரில் ஐந்துதான் இருக்கும். எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும் என்று அந்தக் குழுவே சொல்லவில்லை. தேவைக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்து, யோசித்துப் பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்கிறது. ஆனால் டிஓஆர் எழுதுகிறவர் பயத்தில் ஆறையும் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஐந்து கேள்வியை அடுக்கிவிடுகிறார்.

அதனால் ஒப்புக்கொள்ளும் முன் தொலைபேசியில் இரண்டு விஷயம் கேளுங்கள். இந்த அறிக்கையை வைத்து யார், எந்தத் தேதியில், என்ன முடிவு எடுக்கப் போகிறார்கள்? அந்த முடிவுக்குக் கட்டாயம் தேவைப்படும் கேள்விகள் எவை? பதில் வந்தால் 31 கேள்வி தானாக எட்டு ஒன்பதாகக் குறையும். அதை மின்னஞ்சலில் எழுதி உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுத்த கட்ட நிதி ஏற்கெனவே முடிவாகிவிட்டது, அறிக்கை கோப்புக்கு மட்டும்தான் என்று தெரிந்தால், வேலையை எடுப்பதா வேண்டாமா என்று நிதானமாக யோசியுங்கள். நான் இப்போது எடுப்பதில்லை.

2. கையெழுத்துக்கு முன்பே கோப்புகளை வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

கேட்டு வாங்க வேண்டியவை: நிதிக்கு விண்ணப்பித்தபோது எழுதிய முன்மொழிவு, லாக்ஃபிரேமும் (எந்தச் செயலால் எந்தப் பலன் வரும், அதை எப்படி அளப்பது என்று படிப்படியாகக் காட்டும் அட்டவணை) நடுவில் அதில் செய்த மாற்றங்களும், ஆண்டறிக்கைகள், இடைக்கால ஆய்வு நடந்திருந்தால் அதன் அறிக்கை, ஊர்வாரியாகப் பயனாளிகள் பட்டியல், தணிக்கை செய்த கணக்கு, வெளிநாட்டு நிதிக்காக அவர்கள் வருடாவருடம் டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்யும் எஃப்சி-4 படிவத்தின் நகல். இவற்றோடு பேஸ்லைன், அதாவது திட்டம் தொடங்கும்போது நிலைமை எப்படி இருந்தது என்று எடுத்த ஆய்வு. பேஸ்லைன் என்றால் அறிக்கை மட்டும் போதாது. மூலத் தரவுக் கோப்பு, அப்போது பயன்படுத்திய தமிழ்க் கேள்வித்தாள், எந்த எண் எந்தப் பதிலைக் குறிக்கிறது என்ற குறியீட்டுப் பட்டியல், எந்த மாதத்தில் கள வேலை நடந்தது என்ற விவரம் எல்லாம் வேண்டும்.

நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பேஸ்லைன் கோப்பைக் கேட்டேன். அச்சடித்த அறிக்கை வந்தது. மூலத் தரவு, வேலையை விட்டுப் போன ஒருவரின் மடிக்கணினியில் இருந்ததாம். அறிக்கையில் சராசரி மாத வருமானம் இருந்தது. அது ஒருவருடைய வருமானமா, குடும்பத்துடையதா, கடன் கழித்ததா, கழிக்காததா என்று எங்கும் இல்லை. மூன்று வருட மாற்றத்தை அளக்க வந்த எனக்குத் தொடக்கப் புள்ளியே இல்லாமல் போனது. கடைசியில் ‘நினைவுகூர்ந்து சொல்லும்’ முறையில் பழைய நிலையைக் கேட்க வேண்டியதாயிற்று. அது பலவீனமான சான்று. அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். நிறுவனத்துக்கு வருத்தம், எனக்கும் வருத்தம்.

கோப்புகள் வந்து சேர இரண்டு வாரம் ஆகும் என்று வையுங்கள். மூன்று வாரத்தில் வராவிட்டால், வராதவற்றைப் பட்டியலிட்டு, அதனால் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்று எழுதி ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். பிறகு சொன்னால் சாக்குப்போக்கு மாதிரித் தெரியும்.

3. பணம் எந்த வழியில் வருகிறது?

ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அதற்கு ஆகும் செலவு பிறகு மிச்சமாகும் தொகைக்கு முன் ஒன்றுமே இல்லை.

தனிநபராகவோ சிறு நிறுவனமாகவோ நீங்கள் கட்டணத்துக்கு மதிப்பீடு செய்தால், அது உங்கள் வழக்கமான தொழில் சேவைக்கான கட்டணம். வெளிநாட்டில் இருந்து நேரடியாக வந்தாலும், வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டம் அதை வெளிநாட்டு நன்கொடையாகக் கருதுவதில்லை. ஆனால் விலைப்பட்டியல், ஒப்பந்தம், வங்கி தரும் அந்நியச் செலாவணி வரவுச் சான்று மூன்றும் ஒரே பெயரில், ஒரே வேலையைக் குறிப்பிட்டு இருக்க வேண்டும். மின்னஞ்சலில் யாராவது இதை ‘கிராண்ட்’ என்று எழுதினால் உடனே திருத்தச் சொல்லுங்கள்.

நீங்கள் ஒரு அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ ஆய்வு நிதி வாங்குகிறீர்கள் என்றால் கதை வேறு. எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். அதற்கு அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டில் முக்கியப் பணிகளுக்குக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் குறிப்பிட்ட நிதியாளர், குறிப்பிட்ட தொகைக்கு முன் அனுமதி வாங்கலாம். பணம் முதலில் வந்து இறங்க வேண்டிய இடம் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளைக் கணக்கு. அங்கிருந்துதான் உங்கள் ஊர்க் கணக்குக்கு வரும். கணக்குத் திறக்காமல் ஒப்பந்தத்தில் தொடக்கத் தேதி போட்டுவிடாதீர்கள்.

கூட்டு ஆய்வுகளில் அடிக்கடி விழும் பள்ளம் இது: 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடையை வாங்கிய அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. வாங்குகிறவருக்கும் எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தாலும் முடியாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் ‘இந்தியாவில் ஒரு தலைமை அமைப்பு, அதன் கீழ் மூன்று துணை அமைப்புகள்’ என்று வரவுசெலவுத் திட்டம் போட்டு அனுப்புவார்கள். மற்ற நாடுகளில் அது சாதாரணம். இங்கே ஒவ்வொரு அமைப்பும் தனித்தனி ஒப்பந்தம் போட்டு நேரடியாக நிதி வாங்க வேண்டும். முன்மொழிவு எழுதும் கட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். நிதி அனுமதியான பிறகு திருத்தினால் மாதக்கணக்கில் ஓடிவிடும்.

இதே திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்தில் இருந்து 20 ஆகக் குறைத்தது. ஆய்வையோ பயிற்சியையோ முதன்மை வேலையாகக் கொண்ட அமைப்பில், களத் தரவு சேகரிப்பவர், ஆய்ந்து தருபவர் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. மற்ற அமைப்புகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அறிக்கை எழுதும் செலவு, தொழில்முறைக் கட்டணம் போன்றவை நிர்வாகச் செலவில் விழுகின்றன. உங்கள் மதிப்பீட்டுக் கட்டணத்தை எந்தத் தலைப்பில் காட்டப் போகிறார்கள் என்று அமைப்பின் கணக்காளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். ‘வரம்பு தாண்டிவிட்டது, அடுத்த ஏப்ரலில் தருகிறோம்’ என்ற பதில் அப்போதே தெரிந்துவிடும்.

அப்புறம் வரி. ‘அனைத்து வரிகளும் உட்பட 5,00,000 ரூபாய்’ என்ற ஒரு வரியை நான் கவனிக்கவில்லை. நான் ஜிஎஸ்டி பதிவு செய்தவன். 18 சதவீத ஜிஎஸ்டியைப் பிரித்தால் என் கட்டணம் 4,23,729 ரூபாய், வரி 76,271. கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் என்றால் 42,373 பிடித்தம். கைக்கு நின்றது 3,81,356. டிடிஎஸ் பிறகு வருமான வரிக் கணக்கில் வந்துவிடும், ஆனால் கள வேலைக்குக் கூலி கொடுக்கும் மாதத்தில் அந்தப் பணம் கையில் இருக்காது. சேவை செய்கிறவர்களின் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவு இருந்தால் ‘வரி தனி’ என்று எழுதச் சொல்லுங்கள். நேரடியாக வெளிநாட்டு அமைப்புக்கு விலைப்பட்டியல் போடுவதாக இருந்தால், சேவை ஏற்றுமதியாக வரியில்லாமல் அனுப்ப முடியுமா, அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை எப்போது தாக்கல் செய்வது என்று கேளுங்கள்.

4. நெறிமுறைக் குழுவின் கூட்டத் தேதியை முதல் நாளே கேளுங்கள்

ஆய்வில் பங்கேற்பவர்களின் உரிமையும் பாதுகாப்பும் காக்கப்படுகிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் (எத்திக்ஸ் கமிட்டி) அனுமதி தேவையா என்ற கேள்விக்கு ‘இது ஆய்வு இல்லை, வெறும் மதிப்பீடு’ என்று பலர் பதில் சொல்வார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளில் சில வகை வேலைகளுக்கு விலக்கு உண்டு என்பது உண்மை. திட்டத்தைச் சீர்செய்ய மட்டும் அரசு அமைப்புகள் நடத்தும் பொதுச் சுகாதாரத் திட்ட மதிப்பீடு போன்றவை அதில் வருகின்றன. ஆனால் விலக்கு உண்டா இல்லையா என்று முடிவு செய்வது குழு. நீங்களோ நிதி கொடுத்தவரோ இல்லை. விலக்குக்கும் விண்ணப்பம் போட வேண்டும். விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் குழுப் பரிசீலனை என்று மூன்று வழி. முழுக் குழு என்றால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். பல நிறுவனங்களில் குழு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடுகிறது. மூன்று நாள் தாமதத்தில் எனக்கு ஒரு கூட்டம் தவறியது. அதற்கு விலை பத்து வாரம்.

சுகாதாரம், ஊட்டச்சத்து சார்ந்த ஆய்வில் வெளிநாட்டு நிதியோ கூட்டாளியோ இருந்தால், இதற்கு மேல் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவான ஹெச்எம்எஸ்சியின் ஒப்புதலும் வேண்டும். விண்ணப்பம் ஐசிஎம்ஆர் வழியாகப் போகிறது. இதை வாரக் கணக்கில் திட்டமிடாதீர்கள், மாதக் கணக்கில் திட்டமிடுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறை அனுமதி இங்குள்ள அனுமதிக்கு மாற்று ஆகாது, இரண்டும் வேண்டும்.

விண்ணப்பத்தோடு போக வேண்டியவை: ஆய்வுத் திட்டம், தமிழிலும் ஆங்கிலத்திலும் கேள்வித்தாள், தகவல் தாள், ஒப்புதல் படிவம், குழுவினரின் தன்விவரம், வரவுசெலவுத் திட்டம், தரவை எங்கே எவ்வளவு காலம் வைப்பீர்கள் என்ற குறிப்பு. கையெழுத்துப் போடத் தெரியாதவருக்குக் கைநாட்டும், சம்பந்தப்படாத ஒரு சாட்சியும் வேண்டும். சிறார் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயது வரை குழந்தையின் வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை எழுத்து இசைவும் வாங்க வேண்டும். கட்டணம் குழுவுக்குக் குழு மாறும். முன்பே கேட்டு வரவுசெலவில் போடுங்கள்.

ஆதார் எண்ணை எதற்காகவும் வாங்காதீர்கள். பயனாளி பட்டியலில் இருந்தால்கூட உங்கள் பிரதியில் இருந்து அழித்துவிடுங்கள்.

5. எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

மூன்று தவறுகள் இங்கே திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதலாவது பருவம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பேஸ்லைனைப் பிப்ரவரியில் எடுத்துவிட்டு, முடிவு ஆய்வை மே மாதம் எடுத்தால் விசைப்படகுத் தொழிலாளியின் வருமானம் சரிந்துதான் தெரியும். வேதாரண்யம் உப்பளத் தொழிலாளியிடம் ஜூனிலும் நவம்பரிலும் கேட்டால் இரண்டு வேறு மனிதர்களைப் போலப் பதில் வரும். வடகிழக்குப் பருவமழையில் உப்பளமே நீருக்குள் கிடக்கும். பேஸ்லைன் எடுத்த அதே மாதத்தில் எடுங்கள். அந்த மாதம் கைவிட்டுப் போனால், அடுத்த வருடம் வரை தள்ள முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் வருமானத்தை ஒப்பிடாமல் சொத்து, கடன், வட்டி விகிதம் போன்றவற்றை ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, அதே காலத்தில் வந்த அரசுத் திட்டங்கள். 2022இல் பேஸ்லைன் எடுத்து 2024இல் முடிவு ஆய்வு செய்து, ‘பெண்கள் கையில் புழங்கும் பணம் கூடியிருக்கிறது, எங்கள் திட்டத்தின் வெற்றி’ என்று எழுதினால் அது தவறு. நடுவில், 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வந்தது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்தது. பள்ளி வருகையையோ குழந்தைகள் ஊட்டச்சத்தையோ அளக்கிறவர்கள் அதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. திட்டம் நடந்த ஆண்டுகளில் மாநிலத்திலும் மாவட்டத்திலும் என்னென்ன வந்தன என்று ஒரு காலக்கோடு வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். திட்டம் நடக்காத பக்கத்து ஊர்களிலும் அதே கேள்விகளைக் கேட்க முடிந்தால் எவ்வளவோ நல்லது.

மூன்றாவது, ஓரிடத்தில் வேலை செய்த முறை இன்னோரிடத்திலும் வேலை செய்யும் என்ற நம்பிக்கை. இதற்கு நம் மாநிலமே சாட்சி. 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் தாய்மாருக்கு ஆலோசனை சொல்வது முக்கியப் பகுதி. அதை முன்மாதிரியாக வைத்து வங்கதேசத்தில் நடத்தியபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை. பிறகு நடந்த மதிப்பீட்டில் தெரிந்த ஒரு காரணம், அங்கே பல வீடுகளில் கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவது ஆண்கள், அடுப்படியை ஆள்வது மாமியார் என்பது. ஆலோசனை போனதோ மருமகளுக்கு. உங்கள் திட்டத்தின் லாக்ஃபிரேமை எடுத்துவைத்து ஒவ்வொரு படியிலும் ‘இந்த வீட்டில் இந்த முடிவை எடுப்பது யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். எங்கே ஓட்டை என்று களத்துக்குப் போகும் முன்பே பாதி தெரிந்துவிடும்.

மாதிரி எண்ணிக்கைக்கு வருவோம். டிஓஆர்களில் 384 அல்லது 385 என்ற எண் அடிக்கடி வரும். 95 சதவீத நம்பக நிலை, 5 சதவீதப் பிழை வரம்பு என்று வைத்தால் வரும் விடை அது. ஆனால் அது தனி ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுத்தால் மட்டுமே பொருந்தும். நீங்கள் முதலில் ஊர்களைத் தேர்ந்தெடுத்து, பிறகு ஊருக்குள் வீடுகளைத் தேர்ந்தெடுப்பீர்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரைப் போல் ஒருவர் இருப்பார்கள் என்பதால் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். பெருக்கு எண் 2 என்று எடுத்தால் 768. பத்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் என்று சேர்த்தால் ஏறத்தாழ 853. ஒரு கள ஆய்வாளர் நாளைக்கு ஐந்து பேட்டி உருப்படியாக எடுப்பார். ஆறு பேர் என்றால் நாளைக்கு 30; மொத்தம் 29 நாள். டிஓஆரில் கொடுத்தது 10 கள நாட்கள் என்றால், பணத்தைக் கூட்டுங்கள் அல்லது கேள்வியைக் குறையுங்கள் என்று இந்தக் கணக்கை அவர்கள் முன் வையுங்கள். எண்ணிக்கையைச் சும்மா வெட்டிவிட்டு அதே துல்லியத்தை அறிக்கையில் கோராதீர்கள்.

6. கேள்வித்தாளைத் தமிழில் யோசித்து எழுதுங்கள்

ஆங்கிலக் கேள்வித்தாளை மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் கொடுத்து வாங்கினால் ‘தாங்கள் அதிகாரமளிக்கப்பட்டதாக உணர்கிறீர்களா’ என்று வரும். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காரும் அக்காவிடம் அதைக் கேட்க முடியாது. ‘உங்க பேர்ல இருக்குற நகையை அடகு வைக்க வீட்ல யாரைக் கேக்கணும்?’ என்று கேட்டால் பதில் வரும்.

குடும்பம் என்ற சொல்லே சிக்கல். ஒரே வாசல், இரண்டு அடுப்பு என்று எத்தனையோ வீடுகள். ‘ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்’ என்று வரையறுத்து எல்லா ஆய்வாளரும் ஒன்றுபோலக் கேட்கப் பழக்குங்கள். நில அளவை டெல்டாவில் பலர் மாவிலும் குழியிலும் சொல்வார்கள். 100 குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். மாற்றும் வேலையைப் பதில் சொல்பவரிடம் விடாமல், சொன்ன அளவையிலேயே பதிந்து பிறகு மாற்றுங்கள். காலத்தைக் கேட்கும்போது ‘18 மாதங்களுக்கு முன்’ என்பதைவிட ‘போன வருஷத்துக்கு முந்தின ஆடிக்கு முன்னயா பின்னயா’ என்பது துல்லியமான பதில் தரும்.

திருப்தியை ஐந்து படியில் அளக்கும் கேள்வியில் நடுப்படிக்குப் ‘பரவாயில்லை’ என்று போட்டிருந்தேன். ஒத்திகையில்தான் தெரிந்தது: ஒருவர் ‘இப்ப பரவாயில்லைங்க’ என்று சொல்லும்போது முன்பைவிட நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், இன்னொருவர் சொன்னது ‘போகட்டும் விடுங்க’ என்ற அர்த்தத்தில். ஒரே சொல், எதிரெதிர் பதில். அந்தக் கேள்வியைத் தூக்கிவிட்டு, பத்துப் புளியங்கொட்டையைக் கொடுத்து ‘எவ்வளவு வைப்பீங்க’ என்று கேட்டோம்.

ஒத்திகை, ஆய்வுக்குத் தேர்வாகாத ஊரில், குறைந்தது இருபது பேரிடம் நடக்க வேண்டும். கோபோ டூல்பாக்ஸ் போன்ற செயலியில் தமிழிலேயே கேள்விகளை ஏற்றலாம். சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். மொழிபெயர்ப்பு, மறுமொழிபெயர்ப்பு, ஒத்திகை, திருத்தம் எல்லாம் சேர்த்து மூன்று வாரம்.

7. களத்தில்

கடலோர ஊர்களில் ஊராட்சித் தலைவரிடம் சொன்னால் மட்டும் போதாது. ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் போய்ச் சொல்லுங்கள். மீன் விற்கப் போகும் பெண்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். அவர்களைப் பிற்பகலில்தான் பார்க்க முடியும். பார்க்காமல் விட்டால் உங்கள் மாதிரியில் வீட்டோடு இருக்கும் பெண்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

திட்ட ஊழியர்கள் வழிகாட்டலாம், பேட்டி நடக்கும் இடத்தில் நிற்கக் கூடாது. இதைப் பணிவாக, ஆனால் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். என் முதல் இரண்டு நாளில் ஒருங்கிணைப்பாளர் பக்கத்தில் நின்றார். எல்லாருக்கும் எல்லாம் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் அவர் வரவில்லை. அன்றுதான் வலை வாங்கக் கொடுத்த கடனுக்கு இன்னொரு இடத்தில் வட்டிக்கு வாங்கித் தவணை கட்டுகிறோம் என்று ஒரு அம்மா சொன்னார்.

பட்டியலில் இருந்து குலுக்கி எடுத்தவரைத்தான் பார்க்க வேண்டும். குழுத் தலைவி கூட்டி வந்து உட்கார வைப்பவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஆய்வு கெட்டது. ஊரில் பேசிவிட்டுக் காலனிக்குப் போகாமல் வருவதும் அப்படித்தான். திட்டத்தில் சேர்ந்து நடுவில் விலகியவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். எனக்குக் கிடைத்த பயனுள்ள தகவலில் பெரும்பங்கு அவர்களிடம் இருந்துதான்.

செலவில் ஏறக்குறையப் பாதி இங்கேதான் போகும். கூலி, வண்டி, சாப்பாடு, தங்குமிடத்தோடு, பெண் ஆய்வாளர்கள் மாலை திரும்ப ஏற்பாடு, விபத்துக் காப்பீடு இரண்டையும் சேர்க்க மறக்காதீர்கள்.

8. கூட்டு ஆய்வு என்றால் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் (எம்ஓயு) இவை வேண்டும்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேரும்போது நம் தரப்பு பெரும்பாலும் தரவு சேகரிக்கும் கை மட்டுமாக நின்றுவிடுகிறது. அதை மாற்ற முடிவது கையெழுத்துக்கு முன்புதான்.

யார் பெயர் கட்டுரையில் வரும் என்று எழுதுங்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பு. நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். இதில் ஒரு வலை இருக்கிறது. களத்தில் ஆறு மாதம் உழைத்தவருக்கு வரைவையே அனுப்பாவிட்டால், இரண்டாவது நிபந்தனை நிறைவேறவில்லை என்று நன்றியுரையில் தள்ளிவிடலாம். ‘வரைவு எல்லாருக்கும் அனுப்பப்படும், கருத்துக்கு மூன்று வாரம் தரப்படும்’ என்று ஒரு வரி சேருங்கள்.

மூலத் தரவின் பிரதி உங்களிடமும் இருக்கும் என்று எழுதுங்கள். தமிழ்நாட்டில் தமிழில் முடிவுகளை வெளியிட உங்களுக்கு உரிமை உண்டு என்று எழுதுங்கள். அலுவலக வாடகை, கணக்காளர் சம்பளம் போன்ற மறைமுகச் செலவுக்கு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்; அவர்கள் பல்கலைக்கழகம் தனக்கு எடுத்துக்கொள்ளும் விகிதத்தையும் கேளுங்கள். வரவுசெலவு யூரோவிலோ பவுண்டிலோ இருந்தால் மாற்று விகிதம் இறங்கும்போது யார் தாங்குவது என்று முடிவு செய்யுங்கள். அவர்கள் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கலாம், நம்முடையது ஏப்ரல். இரண்டு கணக்குக்கும் சேர்த்துத் தணிக்கைச் செலவு போடுங்கள்.

பேசத் தயக்கமாக இருந்தால் 2018இல் வந்த, ஐரோப்பிய ஆணையம் தன் ஆய்வு நிதிக்கு ஏற்றுக்கொண்ட, வளம் குறைந்த இடங்களில் ஆய்வு செய்வதற்கான உலக நடத்தை விதிகளை முன்னால் வையுங்கள். 23 விதிகள்தான், எளிய நடை. ஐரோப்பியக் கூட்டாளிகள் மறுத்துப் பேசுவது கடினம்.

9. வரைவு அறிக்கையும் கடைசித் தவணையும்

பாதகமான முடிவு இருந்தால் வரைவு அனுப்பும் முன் அமைப்பின் தலைவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். காகிதத்தில் முதல்முறை பார்த்தால் சண்டையாகிவிடும். தகவல் தவறு என்றால் திருத்துங்கள். ‘இதைக் கொஞ்சம் மென்மையாக எழுதுங்களேன்’ என்றால், உங்கள் தரப்பு விளக்கத்தைப் பின்னிணைப்பில் சேர்க்கிறேன் என்று சொல்லுங்கள்.

பணத்தை 30, 30, 40 என்று மூன்று தவணையாகப் பிரியுங்கள்: கையெழுத்தின்போது, கள வேலை தொடங்கும் முன், இறுதி அறிக்கைக்கு. ‘இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பின்’ என்ற வரியில் காலக்கெடு இல்லாவிட்டால் ஏற்பதற்கு அரை வருடம் ஆகலாம், எனக்கு ஆனது. ‘15 வேலை நாட்களுக்குள் எழுத்தில் கருத்து வராவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும்’, ‘திருத்தச் சுற்று இரண்டுக்கு மேல் போகாது’ என்று இரண்டு வரி சேருங்கள். மறுப்பவர்கள் குறைவு.

மொத்தக் காலம்: கோப்புக்கு மூன்று வாரம், கேள்வித்தாளுக்கு மூன்று, நெறிமுறை அனுமதிக்கு எட்டு முதல் பன்னிரண்டு, களத்துக்கு நான்கு, பகுப்பாய்வுக்கு நான்கு, வரைவுக்கும் திருத்தத்துக்கும் ஆறு. சிலவற்றைச் சேர்த்தே நடத்தினாலும் ஆறு மாதத்துக்குக் குறைத்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

10. ஊருக்குத் திரும்பிப் போங்கள்

வரவுசெலவில் ‘முடிவுகளைப் பகிர்தல்’ என்று நான்கு வண்டி நாட்களை முதலிலேயே போட்டுவிடுங்கள். கடைசியில் கேட்டால் கிடைக்காது. அறிக்கையின் மூன்று நான்கு முடிவுகளை சார்ட் தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, பேட்டி கொடுத்த ஊர்களில் மாலை நேரத்தில் கூட்டம் போடுங்கள். யார் சொன்னது என்று தெரியும்படியான எதையும் அங்கே பேசாதீர்கள். சின்ன ஊரில் பெயர் சொல்லாமலே ஆள் தெரிந்துவிடும். நாங்கள் போன ஓர் ஊரில், வலைக்கடன் தவணை பற்றிய தாளைப் பார்த்துவிட்டு ஒரு பெண் எழுந்து, தடைக்காலத்து இரண்டு மாதமும் தவணையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்டார். அது என் பரிந்துரைப் பட்டியலில் இல்லை. அன்று இரவே அறிக்கையில் சேர்த்து, மறுநாள் காலை இறுதிப் பிரதியை அனுப்பினேன்.